ஐந்தாவது பூட்டு

கானாடுகாத்தானில் தேனப்ப செட்டியார் வீட்டு
இரண்டாம் கட்டில் ஒரு கூண்டு.
அதற்கு ஐந்து பூட்டுச் செய்தவன் நான்.
முதல் நான்கையும் உள்ளே இருந்தவள் திறந்தாள்.

அவள் என்று சொல்லாதே ஆசாரி, என்றார் கணக்கப்பிள்ளை.
பேரேட்டில் அது
"மேடான் வரவு, பல சரக்கு" என்ற தலைப்பில் இருந்தது,
ஒரு பீங்கான் தொட்டிக்குக் கீழே, கண்ணாடிச் சரவிளக்குக்கு மேலே.
பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கி
டேசன் தராசில் வைத்து நிறுத்தபோது
எல்லாரையும் போல அதுவும்
முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாம்.
மேடான் கடையில் அடுத்தாளாய் இருந்து வந்த மெய்யர் சொன்னார்:
"அந்த ஊர்ப் பாஷையில் இதற்கு ஆளு என்றுதான் பேர்.
காட்டு ஆளு."
சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார்.

முதல் பூட்டு வெறும் கொக்கி.
ஒரு விரல் போதுமாயிருந்தது.
இரண்டாவது தாழ்ப்பாள். கஞ்சிக் கரண்டியால் நெம்பிவிட்டாள்.
மூன்றாவதைத் திறந்த ஈர்க்கு
மூன்று நாளாய் அவள் அக்குள் மயிருக்குள் இருந்திருக்கிறது,
எங்கள் ஊர்ச் செம்மண் நிறத்து மயிர்.

திறந்தாளே தவிர ஓடவில்லை.
எங்கே ஓடுவாள்? வெளியே பொட்டலும் வேலமுள்ளும்.
முற்றத்துத் தூணில் ஏறி
மேல்தளத்தில் சாக்கை உதறி விரித்து
கல்யாணப் பந்தலில் மிஞ்சிய வாழைச்சருகை
ஒன்றன்மேல் ஒன்றாய் மடித்து, அமுக்கிப் பார்த்து,
ஒரு படுக்கை கட்டினாள்.
விடிகாலையில் அதில் கிடந்தாள், கையால் தலையை மூடி.
வீட்டுப் பெண்கள் அலறினார்கள்.

நான்காவது, ஏழு சுற்றுச் சாவி.
வலம் நாலு, இடம் மூன்று.
வேலைக்காரன் திருகுவதை இரண்டு முறை பார்த்தாள். அவ்வளவுதான்.
அன்றைக்கு விருந்தாளிகள் இருந்தார்கள்.
சிவகங்கை வக்கீல் ஒருவர் பத்து ரூபாய் பந்தயம் தோற்றார்.
என்ன புத்தி, என்ன புத்தி என்று கைதட்டினார்கள்.
பாயசம் ஊற்றிக் கொடுத்தார்கள்.
சாயங்காலம் எனக்கு ஆள் வந்தது:
இன்னும் கெட்டியாக ஒன்று.

தொழுவத்துக்குத் தாழ் அடித்திருக்கிறேன்.
மாட்டுக்கு மறைத்து அடித்ததில்லை.
திருடனுக்கு மறைப்பேன்.
கூடப்பிறந்தவன் தொழிலுக்குப் போட்டியாக வந்தான்,
அவனுக்கும் சிலதை மறைத்தேன்.
அன்று கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
தோள் துண்டை விரித்து மடியை மூடிக்கொண்டு
அவளுக்கு மறைத்தேன்.
மூடிய கையோடு ஒரு கணம் அப்படியே இருந்தேன்.
பிடரியில் மூச்சுப் பட்டது. எட்டிப் பார்க்கிறாள்.
தெரிந்துதான் திருகாணியை முறுக்கினேன்.

எட்டு நாள் முயன்றாளாம்.
ஒன்பதாம் நாள் எண்ணெய் விடப் போனேன்.
கம்பிக்கு வெளியே கையை நீட்டி
என் கையைப் பிடித்தாள். இழுக்கவில்லை.
உள்ளங்கை என் உள்ளங்கையைவிடக் கரடு குறைவு.
என் ஆள்காட்டி விரலைப் பிரித்தெடுத்து
பூட்டின்மேல் வைத்தாள்.
வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

சாவி என் இடுப்பில் இருந்தது.
கணக்கப்பிள்ளை தூணருகில் நின்றார்.
வீட்டில் நான்கு பேர் சாப்பிட வேண்டும்,
அது இதற்குப் பதில் இல்லை என்பதும் தெரியும்.
விரலை உருவிக்கொண்டேன்.
எண்ணெய் விட்டேன்.

சித்திரையில் ஆள் வந்தது, பூட்டைத் திறக்க வேண்டுமென்று.
சாவிக்கொத்து முதலாளியோடு ரங்கூன் போய்விட்டதாம்,
உள்ளே இருப்பதற்கு இனி நாற்றம் எடுக்குமாம்.
செய்த எனக்கே அரை நாள் ஆயிற்று.
சருகு கிடைக்காததால்
தன் கஞ்சிச் சட்டியையும் கிழிந்த சாக்கையும்
சுற்றி ஓரம் கட்டிப் படுத்திருந்தாள்.

திறப்புக் கூலி பன்னிரண்டணா.
பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதினார்கள் என்று
நான் கேட்கவில்லை.
வாங்கிக்கொண்டேன்.